முழங்கால் வலிக்குக் காப்பீடு உண்டு. மார்பகப் பாரத்துக்கு ஏன் இல்லை?

தனிநபர் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்தின் மீது விதிக்கப்பட்டிருந்த 18 சதவீத சரக்கு - சேவை வரி, 2025 செப்டம்பர் 22 முதல் முற்றிலுமாக நீக்கப்பட்டது. வரவேற்கத்தக்க முடிவு. ஆனால், அதையொட்டி எழுந்த விவாதங்கள் பெரும்பாலும் விலைக் கணக்கோடு நின்றுவிட்டன. பிரீமியம் எவ்வளவு குறையும், நிறுவனங்கள் அந்தப் பயனை முழுமையாக வாடிக்கையாளருக்குக் கொடுக்குமா என்பவைதான் கேள்விகளாக இருந்தன. காப்பீடு என்ற பண்டத்தின் விலையைப் பற்றிப் பேசிய அளவுக்கு, அந்தப் பண்டத்துக்குள் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதைப் பற்றி நாம் பேசவில்லை.

என்ன இல்லை என்பதைச் சொல்லும் பகுதிக்கு 'விலக்குகள்' என்று பெயர். பாலிசி ஆவணத்தில் மிகக் குறைவாகப் படிக்கப்படும் பகுதியும் அதுவே. ஒரு காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பம்போல இந்தப் பகுதியை எழுதிக்கொண்டிருந்தது. இந்தியக் காப்பீட்டு ஒழுங்காற்று மற்றும் மேம்பாட்டு ஆணையம் 2019 செப்டம்பரில் வழிகாட்டுதல் வெளியிட்டு, பொதுவான விலக்குகளை எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே சொல்லமைப்பில், எண்ணிட்டு வரையறுத்தது. அவற்றுள் எட்டாவது, அழகு மற்றும் பிளாஸ்டிக் அறுவை சிகிச்சை பற்றியது.

அந்தப் பிரிவின் சாரம் இது: தோற்றத்தை மாற்றும் சிகிச்சைகளுக்கான செலவு வழங்கப்படாது. விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிறகு செய்யப்படும் சீரமைப்புக்கு விதிவிலக்கு உண்டு. நேரடியான, உடனடியான உடல்நல ஆபத்தை நீக்குவதற்கு மருத்துவரீதியாகத் தேவைப்படும் சிகிச்சையின் பகுதியாக இருந்தாலும் விதிவிலக்கு உண்டு; அந்தத் தேவையைச் சிகிச்சை அளிக்கும் மருத்துவர் சான்றளிக்க வேண்டும்.

படிக்கும்போது நியாயமாகவே தோன்றும். மூக்கை எடுப்பாக்கிக் கொள்ள விரும்புபவரின் செலவை, அதே நிறுவனத்தில் பிரீமியம் கட்டும் மற்றவர்கள் ஏன் சுமக்க வேண்டும்? சிக்கல் வேறோர் இடத்தில் இருக்கிறது. தோற்றமும் மாறும், நோயும் தீரும் என்ற வகைச் சிகிச்சைகளை இந்தப் பிரிவு எப்படி நடத்துகிறது என்பதுதான் கேள்வி. மார்பகக் குறைப்பு அறுவை சிகிச்சை அதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு.

மார்பகம் என்ற சொல் நம் நாளிதழ்களில் பெரும்பாலும் புற்றுநோய் என்ற சொல்லின் துணையோடுதான் இடம்பெறுகிறது. எனவே, பலர் அறியாத சில செய்திகளை இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. உடலின் தாங்குதிறனுக்கு மீறி மார்பகங்கள் பெருத்திருப்பது ஒரு மருத்துவ நிலை. சிலருக்குப் பூப்பெய்தும் பருவத்திலேயே, சில மாதங்களுக்குள் அது நிகழ்ந்துவிடுகிறது; சிலருக்கு மகப்பேற்றுக்குப் பின், சிலருக்கு நடுவயதில். கழுத்து, தோள்பட்டை, மேல்முதுகு ஆகியவற்றில் ஓயாத வலி, உள்ளாடைப் பட்டை அழுத்தி அழுத்தித் தோளில் விழும் பள்ளம், மார்பகத்தின் அடிமடிப்பில் வியர்வை தேங்கி வரும் படை, புண், கைவிரல்களில் மரமரப்பு. நம் கடலோர ஊர்களின் புழுக்கத்தில் அந்தப் படை ஆண்டில் பாதி நாள்களாவது ஆறாது. உடல் எடையைக் குறைத்தால் சரியாகிவிடும் என்ற அறிவுரை இலவசமாகக் கிடைக்கும். ஆனால், பெருத்திருப்பது கொழுப்பாக இல்லாமல் சுரப்பித் திசுவாக இருந்தால் எடை குறைந்தாலும் மார்பகம் குறைவதில்லை. மார்பகப் பாரம் காரணமாக ஓடவோ, உடற்பயிற்சி செய்யவோ முடியாதவரை, உடற்பயிற்சியால் மார்பகத்தைக் குறைக்கச் சொல்வது வேறு.

துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் பத்து மணி நேரம் நின்றுகொண்டே பணிபுரியும் பெண்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்த மாநிலம் இது. நிற்கும் உடலுக்கு வலிக்கும் என்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அந்த உடல் இரண்டு கிலோ கூடுதல் பாரத்தை முன்பக்கம் சுமந்துகொண்டு நிற்பதையும் எண்ணிப் பார்க்கலாம்.

அறுவை சிகிச்சையின் முறை நன்கு நிறுவப்பட்டது. முழு மயக்க மருந்து கொடுத்து, மிகுதியான திசுவை அகற்றி, முலைக்காம்பை உரிய இடத்துக்கு உயர்த்தித் தைக்கிறார்கள். தனியார் மருத்துவமனையில் செலவு லட்ச ரூபாயைத் தாண்டிவிடும். காப்பீட்டு நிறுவனத்திடம் முன் அனுமதி கேட்டால், எட்டாவது விலக்கைச் சுட்டிக்காட்டி 'இது அழகு சிகிச்சை' என்று மறுக்க முடியும். மருத்துவர் சான்றளித்திருந்தாலும், 'நேரடியான, உடனடியான ஆபத்து' எங்கே இருக்கிறது என்று கேட்க முடியும். பத்தாண்டுகளாக வலிக்கும் தோள், நாளைக்கே உயிரைப் பறித்துவிடாது. ஆகவே, அது உடனடி ஆபத்து அன்று.

இங்கேதான் முழங்காலைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. தேய்ந்த முழங்கால் மூட்டால் யாரும் இறப்பதில்லை. மூட்டு மாற்று அறுவை சிகிச்சை, வலியைப் போக்கி, நடமாட்டத்தை மீட்டுத் தருவதற்காகச் செய்யப்படுகிறது. அங்கே நேரடியான ஆபத்தும் இல்லை, உடனடியான ஆபத்தும் இல்லை. இருந்தும், பெரும்பாலான பாலிசிகள் ஏறத்தாழ இரண்டாண்டுக் காத்திருப்புக்குப் பிறகு அதற்குப் பணம் கொடுக்கின்றன. கண்புரைக்கும் அப்படியே. வலியும் செயலிழப்பும் போதுமான காரணங்கள் என்பதைக் காப்பீட்டுத் துறை ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டது. மார்பகத்தின் விஷயத்தில் மட்டும் உயிர் ஆபத்துக்கு நெருங்கிய அளவுகோலைக் கையில் எடுக்கிறது. சிகிச்சையின் பயன் வேறுபடவில்லை; உறுப்புதான் வேறுபடுகிறது. மாற்றப்பட்ட மூட்டை யாரும் பார்ப்பதில்லை. குறைக்கப்பட்ட மார்பகம் கண்ணில் படுகிறது. கண்ணில் படுவதனாலேயே அது அழகுக்கானது என்று கருதப்படுகிறது.

ஆணையத்தின் அதே ஆவணத்தில் இன்னொரு முரண் இருக்கிறது. உடற்பருமனுக்கான அறுவை சிகிச்சை பற்றிய ஆறாவது விலக்கு, எப்போது பணம் தர வேண்டும் என்பதை எண்களால் சொல்கிறது: வயது 18 நிறைந்திருக்க வேண்டும், உடல் நிறை குறியீடு 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், கட்டுக்கடங்காத இரண்டாம் வகை நீரிழிவு, கடும் உறக்க மூச்சுத்தடை போன்ற பெயர் குறிப்பிட்ட இணைநோய்கள் இருந்தால் 35 போதும். பார்வைக் குறைபாட்டுக்கான பதினைந்தாவது விலக்கு, 7.5 டயாப்டருக்குக் குறைவான குறைபாட்டுக்கு மட்டுமே பொருந்தும். இவையும் தோற்றத்தோடு தொடர்புடையவையே. பருமன் குறைப்பால் தோற்றம் மாறுகிறது. கண்ணாடி கழன்றால் முகம் மாறுகிறது. அங்கெல்லாம் எல்லைக்கோடு எங்கே என்று உட்கார்ந்து சிந்தித்து எழுதியவர்கள், எட்டாவது பிரிவில் இரண்டு உரிச்சொற்களோடு நிறுத்திக்கொண்டார்கள். அளவுகோல் இல்லாத இடத்தில் முடிவு, கோரிக்கையைப் பரிசீலிப்பவரின் மேசைக்குப் போய்விடுகிறது. அந்த மேசை யாருடையது என்பது நமக்குத் தெரியும்.

அரசின் இன்னொரு கை இதே கோட்டை வேறு இடத்தில் வரைந்திருக்கிறது என்பது வேடிக்கை. சரக்கு - சேவை வரிச் சட்டத்தின்படி மருத்துவச் சேவைக்கு வரி இல்லை. அழகு மற்றும் பிளாஸ்டிக் அறுவை சிகிச்சைக்கு உண்டு. ஆனால், பிறவிக் குறை, வளர்ச்சிக் கோளாறு, காயம் ஆகியவற்றால் பாதிக்கப்பட்ட உடலமைப்பையோ செயல்பாட்டையோ மீட்பதற்காகச் செய்யப்பட்டால், அந்த அறுவை சிகிச்சைக்கும் வரிவிலக்கு கிடைக்கும். 'வளர்ச்சிக் கோளாறு' என்ற சொல்லையும் 'செயல்பாடு' என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். பதினைந்து வயதில் கட்டுமீறி மார்பகம் பெருத்த பெண்ணின் அறுவை சிகிச்சை, வரி அதிகாரியின் பார்வையில் மருத்துவமாக இருக்க நியாயம் உண்டு. காப்பீட்டு அதிகாரியின் பார்வையில் அதுவே அழகுக் கலையாகிவிடலாம். வரித்துறை காப்பீட்டுத் துறையைவிடக் கனிவானது என்று ஒரு பொருளாதார ஆசிரியன் எழுத வேண்டிய நாள் வரும் என்று நான் நினைத்ததில்லை.

அளவுகோல் வேண்டும் என்று சொல்லும்போதே ஓர் எச்சரிக்கையும் தேவை. எந்த அளவுகோல் என்பது முக்கியம். தவறான அளவுகோலால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்காவின் முப்பதாண்டு அனுபவம் இருக்கிறது.

அங்கே 1991-இல் பால் ஷ்னூர் என்ற அறுவை சிகிச்சை நிபுணரும் அவருடைய சகாக்களும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். சுமார் 90 மருத்துவர்களிடம், அவர்கள் சிகிச்சை அளித்த ஏறத்தாழ 600 பெண்களின் உயரம், எடை, அகற்றப்பட்ட திசுவின் எடை ஆகியவற்றைக் கேட்டுத் தொகுத்தனர். அந்தப் பெண்கள் வலிக்காக வந்தார்களா, அழகுக்காக வந்தார்களா என்ற கேள்வியையும் மருத்துவர்களிடமே கேட்டனர். இதிலிருந்து ஒரு அட்டவணை பிறந்தது: உடலின் மேற்பரப்பு இவ்வளவு என்றால், ஒவ்வொரு மார்பகத்திலிருந்தும் இத்தனை கிராம் அகற்றப்பட்டிருந்தால், அது பெரும்பாலும் அழகுக்காக அன்று. உடல் மேற்பரப்பு 1.5 சதுர மீட்டர் உள்ள பெண்ணுக்கு 260 கிராம். 2 சதுர மீட்டர் உள்ள பெண்ணுக்கு 628 கிராம்.

மருத்துவர்களின் நினைவையும் மதிப்பீட்டையும் தொகுத்த ஒரு கணக்கெடுப்பு அது. காப்பீட்டு நிறுவனங்கள் அதை எடைக்கல்லாக எடுத்துக்கொண்டன. வலியை அளக்கக் கருவி இல்லை. திசுவை அளக்கத் தராசு இருக்கிறது. எனவே, தராசு வென்றது. அட்டவணை எண்ணுக்குக் கீழே இருந்தால் அழகு, மேலே இருந்தால் மருத்துவம் என்று ஆனது. மறைமுகக் குறியீடு ஒன்றை இலக்காக்கினால், அது குறியீடாக இருக்கும் தகுதியை இழந்துவிடும் என்று பொருளாதாரத்தில் ஒரு பாடம் உண்டு. இங்கும் அதன் வாய்ப்பு தெளிவு. 300 கிராம் அகற்றினாலே நலம் பெறக்கூடிய பெண்ணுக்கு, காப்பீட்டுக்காக 400 கிராம் அகற்றும் தூண்டுதலை அந்தத் தராசு உருவாக்குகிறது. பருத்த உடல் கொண்ட பெண்ணுக்கு எல்லை எண் உயர்ந்துகொண்டே போகிறது. அவருடைய தோள் வலி, மெலிந்த பெண்ணின் தோள் வலியைவிட மலிவானது என்பதுபோல.

இந்தத் தராசு தவறானது என்பதை அதே நாட்டின் ஆய்வுகளே காட்டின. கரோலின் கெரிகன் தலைமையிலான குழு 2001, 2002 ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் இத்துறையில் முக்கியமானவை. அறுவை சிகிச்சையால் வலி குறைந்தது, வாழ்க்கைத் தரம் உயர்ந்தது. அந்தப் பயன், அகற்றப்பட்ட எடையையோ உடல் பருமனையோ சார்ந்து அமையவில்லை. இயன்முறைச் சிகிச்சை, சிறப்பு உள்ளாடை, எடைக் குறைப்பு போன்றவை நிலைத்த நிவாரணம் தரவில்லை. அந்தக் குழு மாற்று அளவுகோல் ஒன்றையும் முன்வைத்தது: மேல்முதுகு வலி, கழுத்து வலி, தோள் வலி, கை வலி, தோல் படை, உள்ளாடைப் பட்டைப் பள்ளம், மரமரப்பு ஆகிய ஏழு அறிகுறிகளில் குறைந்தது இரண்டு, எப்போதும் அல்லது பெரும்பாலான நேரம் இருக்குமானால் சிகிச்சை மருத்துவரீதியாகத் தேவையானது. எளிமையான விதி. நோயாளியிடம் கேட்டு எழுத முடியும். மருத்துவப் பதிவுகளைக் கொண்டு சரிபார்க்கவும் முடியும். ஆயினும், எடை அட்டவணையைக் கைவிடாத அமெரிக்க நிறுவனங்கள் இன்றும் இருக்கின்றன.

அந்த நாட்டில் 1998-இல் இயற்றப்பட்ட மகளிர் நல - புற்றுநோய் உரிமைச் சட்டத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். புற்றுநோய்க்காக ஒரு மார்பகம் அகற்றப்பட்டால், அதன் மறுசீரமைப்புக்கு மட்டுமல்ல, இரு பக்கமும் ஒத்திருக்கும்படி நோயில்லாத மறு மார்பகத்தில் செய்யப்படும் அறுவை சிகிச்சைக்கும் காப்பீடு பணம் தர வேண்டும். மிக நல்ல சட்டம். ஆனால், அதன் பொருள் என்ன? வலியே இல்லாத மார்பகத்தை, தோற்றப் பொருத்தத்துக்காகக் குறைப்பதற்கு உரிமையாகப் பணம் கிடைக்கிறது. வலியுள்ள மார்பகத்தைக் குறைப்பதற்குத் தராசில் ஏற வேண்டியிருக்கிறது. புற்றுநோய் வந்த பெண்ணின் தோற்றத்தைப் பற்றிய அக்கறையைக் குறை சொல்ல எவருக்கும் மனம் வராது. தோற்றமும் காப்பீட்டுக்கு உரியதாகலாம் என்று ஓரிடத்தில் ஏற்ற பிறகு, 'இது வெறும் தோற்றம்' என்று மற்றோரிடத்தில் கதவடைப்பதுதான் பொருந்தவில்லை.

இங்கிலாந்தின் தேசியச் சுகாதாரச் சேவையும் 2018-இல் தராசின் பக்கமே சாய்ந்தது. ஒரு மார்பகத்துக்கு 500 கிராம் அல்லது நான்கு கப் அளவு குறைப்பு, உடல் நிறை குறியீடு 27-க்குக் கீழ் என்று நிபந்தனைகள் போட்டது. ஆஸ்திரேலியா வேறு வழியில் சென்றது. அந்நாட்டு அரசுக் காப்பீட்டின் கட்டணப் பட்டியலில் இருபக்க மார்பகக் குறைப்புக்கு உரிய வரி, மார்பகப் பெருக்கமும், கழுத்திலோ தோள் பகுதியிலோ வலியும் இருக்க வேண்டும் என்கிறது. கிராம் கணக்கு அதில் இல்லை.

நம் நாட்டுக்குத் திரும்புவோம். காப்பீட்டு நிறுவனங்களின் அச்சத்தையும் நேர்மையாகப் பரிசீலிக்க வேண்டும். காப்பீடு இருக்கிறது என்பதனாலேயே தேவைக்கு மேல் சிகிச்சை நாடப்படும் போக்கை மார்க் பாலி 1968-இல் விளக்கினார். மருத்துவச் சந்தையில் நோயாளி, மருத்துவர், காப்பீட்டாளர் ஆகியோரிடம் சமமான தகவல் இல்லை என்பதை அதற்கு ஐந்தாண்டுகள் முன்பே கென்னத் ஆரோ எழுதியிருந்தார். அழகுக்காக வருபவர் வலி என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற நிறுவனங்களின் கேள்வி, இந்த மரபில் வந்ததுதான். கேள்வி நியாயமானது. விடை அவர்கள் நினைப்பதுபோல இல்லை.

முதலாவதாக, இந்தச் சிகிச்சைக்கு நோயாளி கொடுக்கும் விலை பணம் மட்டுமன்று. நிலையான தழும்புகள், உணர்ச்சி குறையும் வாய்ப்பு, பிற்காலத்தில் தாய்ப்பால் கொடுப்பதில் வரக்கூடிய சிரமம், வாரக்கணக்கில் ஓய்வு. இத்தனையையும் ஏற்றுக்கொண்டு, பிரீமியம் வீணாகக் கூடாது என்பதற்காக ஒருவர் அறுவை மேசையில் படுப்பார் என்று எண்ணுவது மிகை. இரண்டாவதாக, பாலிசி எடுத்த மறுமாதமே சிகிச்சைக்கு வருபவரைத் தடுக்கும் கருவிகள் நிறுவனங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. குறிப்பிட்ட நோய்களுக்கான காத்திருப்புக் காலம், உச்சவரம்பு, செலவில் நோயாளியின் பங்கு ஆகியவற்றைக் கண்புரைக்கும் மூட்டுக்கும் பயன்படுத்துகிறார்கள். அதையே இங்கும் செய்யலாம். கதவைத் தாழிட்டுத்தான் திருட்டைத் தடுக்க வேண்டும் என்பதில்லை, வாயிற்காவலர் போதும்.

உண்மையான தடை வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. நம் நாட்டின் வழக்கமான மருத்துவப் பாலிசி, மருத்துவமனையில் சேர்ந்தால் ஆகும் செலவைத்தான் ஈடு செய்கிறது. வலி மாத்திரை, தோல் களிம்பு, மாதம் நான்கு முறை இயன்முறைச் சிகிச்சை, எலும்பு மருத்துவரின் ஆலோசனைக் கட்டணம் ஆகியவையெல்லாம் பெண்ணின் சொந்தப் பணம். அறுவை சிகிச்சை நடந்தால் இந்தச் செலவுகள் குறையும். ஆனால், அந்தச் சேமிப்பில் ஒரு ரூபாய்கூடக் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சேராது. செலவு அவர்களுடையது, மிச்சம் இவருடையது. தவிர, பாலிசி ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படும் ஒப்பந்தம். இன்று பணம் கொடுத்தால், அதன் பயன் தெரியும் ஆண்டில் அவர் வேறொரு நிறுவனத்தின் வாடிக்கையாளராக இருக்கலாம். மறுப்பதற்கு இத்தனை கணக்குகள் இருக்கும்போது, மறுக்க வசதியான சொற்றொடரும் கையில் இருந்தால், மறுப்புதான் நடக்கும். இதில் யாருடைய கெட்ட எண்ணத்தையும் தேட வேண்டியதில்லை. தூண்டுதல்கள் அப்படி அமைந்திருக்கின்றன. அவற்றை மாற்றி அமைப்பது ஒழுங்காற்று ஆணையத்தின் வேலை.

இதன் இன்னொரு விளைவு தகவல் வறட்சி. பணம் வராது என்று தெரிந்தால் யாரும் கோருவதில்லை. கோரிக்கைகள் இல்லாததால், எத்தனை பேருக்கு இச்சிகிச்சை தேவை, செலவு என்ன ஆகும் என்ற தரவு நிறுவனங்களிடம் சேருவதில்லை. தரவு இல்லாததால் விலை நிர்ணயிக்க முடிவதில்லை. விலை நிர்ணயிக்க முடியாததை விலக்கிவைப்பதே பாதுகாப்பு என்று முடிவெடுக்கிறார்கள். பெண்களின் கூச்சம் இந்தச் சுழலை இன்னும் இறுக்குகிறது. நிறுவனத்தின் மனிதவள அலுவலரிடமோ, காப்பீட்டு முகவரிடமோ இதைப் பற்றிப் பேசுவதைவிட வலியோடு இருப்பதே மேல் என்று கருதும் பெண்கள் எத்தனை பேர் என்பதை எந்தப் புள்ளிவிவரமும் சொல்லாது.

தமிழ்நாட்டில் இது ஒருமுறை பொது விவாதத்துக்கு வந்தது. 2018 பிப்ரவரியில், சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பக அறுவை சிகிச்சைகளை இலவசமாக அளிக்கும் மையம் தொடங்கப்பட்டபோது, அழகு சிகிச்சை ஏழைகளுக்கு ஏன் கிடைக்கக் கூடாது என்ற பொருளில் அன்றைய சுகாதாரத் துறை அமைச்சர் விஜயபாஸ்கர் பேசினார். உயிர்காக்கும் சிகிச்சைகளுக்கே நிதி போதாதபோது அழகுக்கு அரசுப் பணமா என்ற கண்டனம் எழுந்தது. மையம் தேவையானதே. ஆனால், அமைச்சர் தேர்ந்தெடுத்த சொல் தவறு என்பது என் கருத்து. அதே மருத்துவமனையின் மருத்துவர்கள் தோள் வலி, முதுகு வலி பற்றியும், வெளியே வரவே தயங்கும் இளம்பெண்கள் பற்றியும் பேசினார்கள். அதையே முதன்மைக் காரணமாகச் சொல்லியிருந்தால் விவாதம் வேறு திசையில் போயிருக்கும். 'அழகு' என்று அரசே பெயர் சூட்டியது, காப்பீட்டு நிறுவனங்களின் வாதத்துக்கு இலவசமாகக் கொடுத்த சான்றிதழ். விளைவாக ஒரு விந்தை உருவானது: அரசு மருத்துவமனைக்குச் செல்பவருக்கு இச்சிகிச்சை இலவசம்; வசதி படைத்தவருக்குப் பணம் பொருட்டில்லை; ஆண்டுதோறும் தவறாமல் பிரீமியம் கட்டும் நடுத்தர வர்க்கப் பெண்ணுக்குத்தான் கிடைப்பதில்லை.

ஆணையம் செய்ய வேண்டியது பெரிய காரியமன்று. எட்டாவது விலக்கை நீக்கக் கோரவில்லை. ஆறாவது விலக்கில் பருமனுக்குச் செய்ததுபோல, எட்டாவதின்கீழ் மார்பகக் குறைப்புக்கு ஒரு விளக்கம் சேர்த்தால் போதும். அதில் எடை அட்டவணை இடம்பெறக் கூடாது. மேலே சொன்ன ஏழு அறிகுறிகளைப் போன்ற பட்டியல், ஆறு மாதச் சிகிச்சைப் பதிவு, பிளாஸ்டிக் அறுவை சிகிச்சை நிபுணரோடு எலும்பு அல்லது தோல் மருத்துவர் ஒருவரின் சான்று, இரண்டாண்டுக் காத்திருப்பு ஆகியவை இருந்தால், வலியோடு வருபவரையும் தோற்றத்துக்காக வருபவரையும் பிரித்தறிய இயலும். தோற்றத்துக்காக மட்டும் வருபவர் தன் பணத்தில் செய்துகொள்ளட்டும். அதில் பிழையுமில்லை, இழிவுமில்லை. ஆண்களுக்கு வரும் மார்பகப் பெருக்கத்துக்கும் இதே பிரிவைக் காட்டியே பணம் மறுக்க முடிகிறது என்பதால், விளக்கம் எழுதும்போது அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

'நேரடியான, உடனடியான' என்ற சொற்களை நீக்குவதும், முடியாவிட்டால் 'நீடித்த செயலிழப்பு' என்பதைச் சேர்ப்பதும் இன்னொரு வழி. குழுக் காப்பீட்டில் இதற்காகக் காத்திருக்கவும் தேவையில்லை. நிறுவனங்கள் தம் ஊழியர்களுக்காக எடுக்கும் பாலிசியில், கூடுதல் பிரீமியத்துக்குப் பேரம் பேசி, விலக்குகளைத் தளர்த்திக்கொள்ள முடியும். மகப்பேற்றுக்கு அப்படித்தான் செய்கிறார்கள். பெண்கள் பெருமளவில் பணிபுரியும் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள், ஆண்டுப் புதுப்பிப்பின்போது இந்த ஒரு வரியைக் கேட்டுப் பார்க்கலாம்.

இன்றைய விதிகளுக்குள்ளும் சில வழிகள் இருக்கின்றன. 2024 மே மாதத்தில் ஆணையம் வெளியிட்ட முதன்மைச் சுற்றறிக்கையின்படி, எந்தக் கோரிக்கையையும் நிறுவனத்தின் பரிசீலனைக் குழு ஒப்புதல் இல்லாமல் மறுக்க முடியாது. எந்தப் பிரிவின்படி மறுக்கப்படுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆகவே, தொலைபேசியில் 'வராது, மேடம்' என்று சொல்வதை முடிவாக ஏற்றுக்கொள்ளக் கூடாது. எழுத்தில் கேட்க வேண்டும். சிகிச்சைக்கு முன்பே, எந்தெந்த ஆண்டுகளில் எந்தெந்த மருத்துவரிடம் என்ன வலிக்காகச் சென்றோம் என்பதற்கான சீட்டுகளைச் சேர்த்து வைத்திருக்க வேண்டும். மருத்துவரின் சான்று, 'மார்பகக் குறைப்பு தேவை' என்ற ஒற்றை வரியாக இல்லாமல், அறிகுறிகள், செய்து பார்த்துப் பலனளிக்காத மாற்றுச் சிகிச்சைகள், செய்யாவிட்டால் ஏற்படக்கூடிய பாதிப்பு ஆகியவற்றை விரித்துச் சொல்ல வேண்டும். விலக்குப் பிரிவின் சொற்களில் ஐயம் இருந்தால், அதன் பயன் காப்பீடு பெற்றவருக்கே சேர வேண்டும் என்பதும், விலக்கு பொருந்தும் என்று நிறுவும் பொறுப்பு நிறுவனத்துக்கே உரியது என்பதும் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டுள்ள கோட்பாடுகள். 'உடனடியான' என்ற சொல்லைவிட ஐயத்துக்கு இடமளிக்கும் சொல் அந்த ஆவணத்தில் அதிகம் இருக்காது.

நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் ஒரு மாதத்தில் பதிலளிக்காவிட்டாலோ, அந்தப் பதில் நிறைவளிக்காவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் உரிய அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரையிலான இழப்பீட்டுக்கு அவர் ஆணையிட முடியும். அந்த ஆணை நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும்; 30 நாள்களுக்குள் அதை நிறைவேற்றியாக வேண்டும். புகார் கொடுத்தவரை அது கட்டுப்படுத்தாது. ஆணையில் நிறைவில்லை என்றால் அவர் நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்லலாம்.